எச்61 மதர்போர்டில் ப்ராசஸர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 முதல் நாலைந்து ஆண்டுகளுக்குள் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினியா உங்களுடையது? கேபினெட்டைத் திறந்தால் உள்ளே எச்61 சிப்செட் (போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் இன்டெல் சிப்) கொண்ட மதர்போர்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன் மேல் பென்டியம் ஜி2030, ஐ3-2100 போன்ற இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் கணக்கிடும் பகுதி) ப்ராசஸர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதே சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) நாலு கோர் ஐ5, ஐ7 பொருந்தும். அவை இன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த மாற்றத்தைப் பற்றி வரும் கேள்விகள் இவை.

முதலில் ப்ராசஸரைத்தான் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. கணினி மெதுவாக இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு (ப்ராசஸர்) 30 சதவீதத்தில் இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ஐ7 போட்டாலும் கணினி அப்படியேதான் இருக்கும். முதலில் அதை எஸ்எஸ்டியாக (நகரும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட்டின் வேகம் விநாடிக்கு 3 கிகாபிட் மட்டுமே. எஸ்எஸ்டி அதில் முழு வேகத்தில் ஓடாது, ஏறக்குறைய பாதி வேகம்தான் வரும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்தது ராம். 4 ஜிபி மட்டும் இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். இரண்டும் முடிந்த பிறகும் சிபியு 100ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால், அதாவது வீடியோ கால், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், வீடியோ எடிட்டிங் என்று ஒன்றோடு ஒன்று முட்டினால், அப்போது ப்ராசஸருக்குச் செலவழிப்பது நியாயம்.

என் போர்டில் எந்தெந்த ப்ராசஸர் உட்காரும்?

எச்61 போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1155. அதில் இன்டெல்லின் 2ஆம் தலைமுறையும் (சாண்டி பிரிட்ஜ், 2011) 3ஆம் தலைமுறையும் (ஐவி பிரிட்ஜ், 2012) மட்டும் உட்காரும். மாடல் எண் 2 அல்லது 3 என்று தொடங்கும்: ஐ5-2400, ஐ5-3470, ஐ7-3770. முதல் தலைமுறைக்கு எல்ஜிஏ 1156, 4ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150. பார்வைக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டு வெட்டுகள் வேறு இடத்தில் இருக்கும். அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால் போர்டு போய்விடும்.

சாக்கெட் ஒத்துப்போனால் போதாது, சிப்செட்டும் ஒத்துப்போக வேண்டும். எச்61, எச்67, பி67, இசட்68 போர்டுகள் பயாஸை (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அப்டேட் செய்தால் 3ஆம் தலைமுறையை ஏற்கும். பி75, எச்77, இசட்77 போர்டுகளுக்கு இந்தக் கவலையே இல்லை. பி65, க்யூ65, க்யூ67 சிப்செட்டுகளுக்கு 3ஆம் தலைமுறை ஆதரவு கிடையாது. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990, எச்பி 8200 எலீட் இந்த வகை. அவற்றில் ஐ7-2600தான் உச்சி.

3ஆம் தலைமுறையை வாங்கிப் போட்டேன், டிஸ்பிளே வரவில்லை. ப்ராசஸர் போய்விட்டதா?

பத்தில் ஒன்பது முறை ப்ராசஸர் நன்றாகத்தான் இருக்கும். போர்டின் பயாஸ் பழையதாக இருக்கும். 2011இல் வந்த போர்டுக்கு 2012இல் வந்த ப்ராசஸரை அடையாளம் தெரியாது. பயாஸோடு மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனி ஃபர்ம்வேரும் அதே சிப்பில் இருக்கிறது. 3ஆம் தலைமுறைக்கு அதன் 8ஆம் பதிப்பு வேண்டும். அதனால்தான் சில போர்டுகளில் அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது.

இந்த மொத்த வேலையிலும் ஆள்களைக் கவிழ்ப்பது இந்த ஓர் இடம்தான். பழைய ப்ராசஸரை யாருக்காவது கொடுத்துவிட்டு அல்லது எக்ஸ்சேஞ்சில் விட்டுவிட்டுப் புதியதோடு வீட்டுக்கு வருவார்கள். பயாஸ் அப்டேட் செய்யக் கணினி ஓட வேண்டும், கணினி ஓடப் பழைய ப்ராசஸர் வேண்டும். பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடியுங்கள். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும் வரை பழையதை விற்காதீர்கள்.

பயாஸ் பதிப்பை எங்கே பார்ப்பது, எப்படி அப்டேட் செய்வது?

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். போர்டின் மாடலும் பயாஸ் பதிப்பும் தேதியும் அங்கே வரிசையாக இருக்கும். பிறகு கேபினெட்டைத் திறந்து போர்டிலேயே அச்சிட்டிருக்கும் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். கிகாபைட் போர்டுகளில் ரிவிஷன் 1.0, 2.0 என்று மூலையில் இருக்கும். ஒரே மாடல் பெயர், ஆனால் ரிவிஷன் மாறினால் பயாஸ் கோப்பும் மாறும்.

அடுத்து, தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் சிபியு சப்போர்ட் பட்டியல். ஐ5-3470 எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரிக்கப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கும். உங்களிடம் அதே பதிப்போ அதற்குப் புதியதோ இருந்தால் அப்டேட்டே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பயாஸைக் காரணமில்லாமல் தொடாதீர்கள்.

அப்டேட் தேவை என்றால், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, ஜிப் கோப்பை விரித்து, உள்ளே உள்ள பயாஸ் கோப்பை மட்டும் அதில் போடுங்கள். பயாஸுக்குள் நுழைந்து போர்டின் சொந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஏசஸில் அதன் பெயர் ஈஇசட் ஃப்ளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ். விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் மென்பொருளும் உண்டு. நடுவில் விண்டோஸ் உறைந்தால் போர்டும் உறைந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே உள்ள இரண்டு வரிக் குறிப்பைப் படியுங்கள். "முதலில் இந்தப் பதிப்பைப் போட்ட பிறகே அடுத்தது" என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும்.

மின்சாரம்: யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். யுபிஎஸ் இருந்தாலும், முதலில் சுவர் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கணினி தாங்குகிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான்.

பாதியில் நின்றுபோனால் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல எச்61 போர்டுகளில் பயாஸ் சிப் எட்டுக்கால் உள்ள சிறு கறுப்புச் சிப்பாக, கழற்றி மாட்டும் சாக்கெட்டில் இருக்கும். மதர்போர்டு சர்வீஸ் செய்பவர்களிடம் அதை மட்டும் கொடுத்தால் புரோகிராமரில் வைத்து எழுதித் தருவார்கள்.

இன்டெல்லே தயாரித்த போர்டு என்னுடையது. தளத்தில் பயாஸ் கிடைக்கவில்லையே?

டிஎச்61டபிள்யூடபிள்யூ போன்ற இன்டெல் போர்டுகளுக்கு இந்தச் சிக்கல் உண்டு. மேசைக் கணினி மதர்போர்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக 2013 ஜனவரியில் இன்டெல் அறிவித்தது. பழைய போர்டுகளின் பயாஸ் கோப்புகளை 2019 வாக்கில் தன் தளத்திலிருந்து நீக்கியும்விட்டது. இணைய ஆவணக் காப்பகங்களில் பிரதிகள் இருக்கின்றன. ஆனால் முகம் தெரியாத தளத்தில் கிடைத்த கோப்பைப் போர்டில் எழுதுவது சூதாட்டம். நம்பகமான பிரதி கிடைக்காவிட்டால் 2ஆம் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் பெரிய இழப்பு இல்லை என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

எதை வாங்குவது?

பயாஸ் தயார் என்றால் ஐ5-3470. நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6, 77 வாட். நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) போதும் என்பவர்களுக்கு, அதாவது அலுவலக வேலை, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு என்று இருப்பவர்களுக்கு, இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

வீடியோ எடிட்டிங், புரோகிராம் கம்பைல், விர்ச்சுவல் மெஷின் என்று போனால் ஐ7-3770. நாலு கோர், எட்டு த்ரெட், 3.4 முதல் 3.9 கிகாஹெர்ட்ஸ். மின்செலவு ஐ5க்குச் சொன்ன அதே 77 வாட்தான்.

பயாஸ் அப்டேட் முடியாது என்றால் ஐ5-2400 அல்லது ஐ7-2600. அதே கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது 2ஆம், 3ஆம் தலைமுறைகளுக்கு இடையே வேக வித்தியாசம் மிகக் குறைவு. பென்டியத்திலிருந்து வருபவருக்கு அது தெரியவே தெரியாது. மின்செலவு 95 வாட், கிராஃபிக்ஸ் சற்றுப் பழையது, அவ்வளவுதான்.

ஐ3-2100இலிருந்து ஐ3-3220க்குப் போவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம். அதே இரண்டு கோர், அதே நாலு த்ரெட். செலவு மட்டும் புதிது.

மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்?

கே (K) என்றால் ஓவர்கிளாக் செய்யலாம் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்), ஆனால் எச்61 போர்டில் அது முடியாது, கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எஸ் (S) என்றால் 65 வாட், வேகம் சற்றுக் குறைவு. பி (P) என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ஐ5-3350பி மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுதான்.

டி (T) என்ற எழுத்தில் உஷாராக இருங்கள். ஐ7-3770டி நாலு கோர்தான், 45 வாட். ஆனால் ஐ5-3470டி இரண்டு கோர் ப்ராசஸர். ஐ5 என்ற பெயரைப் பார்த்து வாங்கி, ஐ3யோடு வீடு திரும்பியதற்குச் சமம்.

ஜியான் போடலாமா?

ஜியான் என்பது இன்டெல்லின் சர்வர் வகைப் ப்ராசஸர். ஐ7க்கு இணையான வேகம் குறைந்த விலையில் வேண்டுமானால் நல்ல வழி. ஜியான் ஈ3-1230 வி2 நாலு கோர், எட்டு த்ரெட், 69 வாட். ஆனால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும். ஈ3-1225 வி2, ஈ3-1245 வி2 என்று 5இல் முடிபவற்றில் கிராஃபிக்ஸ் உண்டு. உங்கள் போர்டின் சப்போர்ட் பட்டியலில் ஜியான் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பழைய ப்ராசஸர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் மேல்மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மாடல் பெயருக்கு அருகில் ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். ஐ5-3470க்கு எஸ்ஆர்0டி8 (SR0T8), ஐ7-3770க்கு எஸ்ஆர்0பிகே (SR0PK). எஸ்ஆர் என்று தொடங்காமல் க்யூ என்று தொடங்கும் குறியீடும், கான்ஃபிடென்ஷியல் என்ற சொல்லும் இருந்தால் அது சோதனைக்காக வெளியே போன மாதிரி. அதைச் சில பயாஸ்கள் ஏற்காது.

திருப்பிப் பாருங்கள். இந்த வகைப் ப்ராசஸரில் கால்கள் இல்லை, தங்க நிறப் புள்ளிகள்தான். கருகிய புள்ளி, ஓரத்தில் உடைந்த பச்சைத் தகடு, நடுவில் பெயர்ந்துபோன சிறு உதிரிகள் இருந்தால் வேண்டாம். தெர்மல் பேஸ்ட் கறை மட்டும் என்றால் துடைத்தால் போகும். ப்ராசஸர் எளிதில் சாகும் பொருள் அல்ல. பத்து வருடம் ஓடிய ப்ராசஸரைப் பயமில்லாமல் வாங்கலாம், பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை (கணினியின் பவர் சப்ளைப் பெட்டி) வாங்கக் கூடாது.

பழைய கூலரே போதுமா?

பென்டியம், ஐ3யோடு வந்த மெல்லிய அலுமினியக் கூலர் ஐ5-3470க்குத் தட்டுத்தடுமாறிப் போதும், சென்னை மே மாதத்தில் கத்தும். ஐ7க்கும் 95 வாட் ப்ராசஸருக்கும் நடுவில் செம்புக் கட்டை வைத்த உயரமான இன்டெல் கூலர் தேடுங்கள். எல்ஜிஏ 1156, 1150, 1151, 1200 சாக்கெட்டுகளின் கூலர்களும் பொருந்தும், எல்லாவற்றிலும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 775 கூலர் பொருந்தாது, அதில் 72.

பணம் மிஞ்சினாலும் பக்கவாட்டில் காற்றடிக்கும் டவர் கூலருக்கு ஓடாதீர்கள். மலிவான எச்61 போர்டுகளில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் என்ற சிறு பாகங்களின் மேல் ஹீட்சிங்க் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டை) இருக்காது. கீழ்நோக்கி ஊதும் கூலரின் காற்றுதான் அவற்றையும் குளிர்விக்கிறது.

கழற்றி மாட்டும் முறை?

கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கூலரின் நாலு கறுப்புக் குமிழ்களையும் அவற்றின் மேலுள்ள அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் இடமும் வலமும் லேசாக ஆட்டி எடுங்கள்.

சாக்கெட்டின் ஓரக் கம்பியை அழுத்தி வெளிப்பக்கம் தள்ளினால் விடுபடும். தகட்டைத் தூக்கியதும் 1155 மெல்லிய பின்கள் தெரியும். இனி அதன் மேல் துணி, விரல், ஸ்க்ரூ, பேஸ்ட் எதுவும் விழக் கூடாது. மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரே மாதிரி மின்ன வேண்டும், ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. லெட் எடுத்துவிட்ட 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் குழாயை அந்தப் பின்னின் மேல் செருகி, மயிரிழை அளவு நகர்த்தி நிமிர்த்தலாம். இரண்டாம் முறை வளைத்தால் ஒடியும்.

புதியதை இரண்டு ஓரத்திலும் பிடித்து, வெட்டுகள் ஒத்துப்போகும்படி நேராக மேலிருந்து வையுங்கள். சரித்து வைத்து நகர்த்தக் கூடாது, பின்கள் அப்படித்தான் வளைகின்றன. தகட்டை மூடிக் கம்பியை இறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும், கை வலிக்க அழுத்த வேண்டியிருக்கும். அது இயல்பு.

ப்ராசஸர் மூடியின் நடுவில் துவரம்பருப்பு அளவு தெர்மல் பேஸ்ட். குமிழ்களை அம்புக்குறிக்கு எதிராகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் டக் என்று விழ வேண்டும். போர்டின் பின்பக்கம் பாருங்கள்: நாலு இடத்திலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி தெரிய வேண்டும். பிறகு ஃபேன் வயரை மாட்டுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, திரை கறுப்பாகவே இருக்கிறது.

ப்ராசஸர் அருகிலுள்ள 4 பின் பவர் வயர் மாட்டியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் இருக்கக் கூடாது. அடுத்து, பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மாட்டுங்கள். அது சிஆர்2032, பத்து வருடப் பழையது என்றால் புதியதே போட்டுவிடலாம். ராமில் ஒன்றை மட்டும் விட்டு முயலுங்கள். முதல் பூட்டில் கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்தால் பதறாமல் காத்திருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பழைய ப்ராசஸரைத் திரும்பப் போடுங்கள். அதில் டிஸ்பிளே வந்தால் சிக்கல் பயாஸிலோ புதிய ப்ராசஸரிலோ இருக்கிறது. அதிலும் வரவில்லை என்றால் பின் வளைந்திருக்கலாம், ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

ஓடுகிறது, ஆனால் 8 ஜிபியில் 4 ஜிபிதான் தெரிகிறது.

ராமோடு பேசும் பின்களில் ஒன்று தொடவில்லை. கூலர் ஒரு மூலையில் மட்டும் இறுகியிருந்தாலும் இப்படி வரும். முதலில் கூலரை மறுபடி மாட்டிப் பாருங்கள், பிறகு சாக்கெட்டைப் பாருங்கள்.

ராமே புதிதாக வாங்கியது என்றால் வேறு காரணமும் உண்டு. ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கப்படும் மலிவான 8 ஜிபி டிடிஆர்3 ராம் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் அப்படியே. எச்61இன் வரம்பு இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி. உள்கிராஃபிக்ஸை நம்பியிருப்பவர்கள் ஒரே 8 ஜிபி குச்சியைவிட இரண்டு 4 ஜிபி போடுவது நல்லது.

வெப்பநிலை எவ்வளவு இருக்கலாம்?

சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையை 20 நிமிடம் ஓடவிட்டு, கோர் டெம்ப் மென்பொருளில் பாருங்கள். 80க்குள் நின்றால் நிம்மதி. 90ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, பெரும்பாலும் ஒரு குமிழ் விழவில்லை. ஐவி பிரிட்ஜின் எல்லை 105 டிகிரி, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா?

ப்ராசஸருக்காக மட்டும் என்றால் தேவையில்லை. ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்ட லோக்கல் எஸ்எம்பிஎஸ்கூட இதைத் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்தால் அதை நம்பாதீர்கள். அதே மூச்சில் இன்னொன்று: ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்டுகள் நாலு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துகின்றன, இந்தப் பழைய பிசிஐஇ ஸ்லாட்டில் அவை மூச்சுத்திணறும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பதினாறு லேன் கார்டு இதற்குப் பொருத்தம். 75 வாட்டுக்குள் ஓடும், தனி பவர் வயர் இல்லாத மாடல்களும் கிடைக்கும்.

விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா? விண்டோஸ் 11 வருமா?

மறுபடி நிறுவ வேண்டாம். போர்டு அதேதான் என்பதால் ஆக்டிவேஷனும் பொதுவாகப் போகாது.

விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. ஐ7-3770 போட்டாலும் அந்த வாசல் திறக்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. வங்கி வேலை, அரசுத் தளங்கள் என்று தினமும் புழங்கும் கணினி என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், ஐ5-3470இல் சுகமாக ஓடும்.

எப்போது இந்த வேலையே வேண்டாம்?

போர்டின் கெப்பாசிட்டர்கள் (சிறு உருளை வடிவப் பாகங்கள்) உப்பியிருந்தால், யுஎஸ்பி போர்ட்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தால், ப்ராசஸரில் போடும் பணம் அந்தப் போர்டோடு போகும். புதிதாகத் தயாரித்த எச்61 போர்டுகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன, போர்டு செத்தால் ப்ராசஸரையும் ராமையும் காப்பாற்ற அவை உதவும். ஆனால் புதுப் போர்டு, ப்ராசஸர், கூலர் மூன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். 6ஆம் அல்லது 8ஆம் தலைமுறை ஐ5 உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றின் விலையை அது நெருங்கினால், அந்தக் கணினியையே வாங்கிவிடுங்கள். 8ஆம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11 கேள்வியும் தீர்ந்தது.